தொரை விட்டுப்போன போத்தல்கள்

மனிதகுலத்தின் நாகரிகம் நெருப்பில் பிறந்து, சக்கரத்தில் உருண்டு, கடல் கடந்து, மலையேறி, கடைசியில் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஸ்டாப் குவாட்டர்ஸில் வந்து நிலைபெற்றது. சாப்பாட்டறைக் கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் அது இருந்தது. நான்கு சோஸ் போத்தல்கள்.

இது அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் றோலண்ட் அமிர்தநாதனின் கருத்து. வேறு யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் மறுத்ததாகவும் தெரியவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்பு அங்கே பெரிய தொரையாக இருந்தவர் பார்லோ. எண்பதாம் ஆண்டு அந்த மனிதர், பழைய தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாகலாம் என்று தொரசாணியையும் கூட்டிக்கொண்டு சீமையிலிருந்து வந்தார். கெஸ்ட் பங்களாவில் சில வாரம் தங்கினார். இங்கத்தைச் சாப்பாட்டை நம்பாமல் தொட்டுக்கொள்வதற்கெல்லாம் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார். சிவப்பாகத் தக்காளி சோஸ், கறுப்பாக இறைச்சிக்கு ஊற்றுகிற சோஸ், மஞ்சளாகக் கடுகு, பச்சையாகப் புதினா. போகும்போது அவற்றைப் பெட்டியில் வைத்தால் சட்டையெல்லாம் கொட்டும் என்று தொரசாணி சொல்ல, எல்லாவற்றையும் பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாமே பாதி தின்ற போத்தல்கள். றோலண்ட் அவற்றைப் பட்டமளிப்பு விழாவில் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யாராவது சாப்பிட வந்தால் அந்த வீட்டில் ஒரு சடங்கு உண்டு. மனைவி தெரேசா போத்தல்களைத் தட்டத்தில் வைத்து எடுத்துவருவாள். றோலண்ட் எழுந்து நின்று, ஒவ்வொன்றையும் குலுக்கி, விருந்தாளியின் சோற்றுக் கோப்பை ஓரத்தில் தேக்கரண்டி அளவு தானே விடுவார்.

"தேங்காச் சம்பல் தின்னுறவனுக்கு நாக்கு மட்டும்தான் வேல செய்யும். சோஸ் சாப்பிட மூளையும் வேணும்" என்பார். "நல்லா நாக்குல வச்சுப் பாருங்க. தேம்ஸ் நதி தெரியுதா?"

விருந்தாளிகள் தெரிகிறது என்பார்கள். தேயிலைப் பேக்டரி டீமேக்கர் ஒருவர் மட்டும் ஒருமுறை, "லேசா புளியங்கா வாசம் அடிக்குதே" என்றார். அவரை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ஆறு வருடமாகியும் போத்தல்கள் தீரவில்லை. இதை றோலண்ட் ஆங்கிலேயரின் குணச்சிறப்பாகவே எடுத்துக்கொண்டார். "நம்ம ஊரு சாமான்னா ரெண்டே நாள்ல காலி. அவன் சாமான் அவன மாதிரியே, அளவோட செலவாகும்." ஐந்து அப்பம், இரண்டு மீன் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் அவர் தலை தானாக ஆடும்.

உண்மை என்னவென்றால், தக்காளி சோஸ் முதல் மாதமே தீர்ந்துவிட்டது. மகள் டோரீன் பாணில் தடவித் தடவித் தீர்த்தாள். வெறும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு தெரேசா ஒருநாள் முழுக்கப் பயந்தாள். மறுநாள் தக்காளியும், நிறத்துக்குக் கொஞ்சம் பீட்ரூட்டும், வினாகிரியும், சீனியும் போட்டுக் காய்ச்சி உள்ளே ஊற்றி வைத்துவிட்டாள். அந்த ஞாயிறு றோலண்ட் ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"அசல் அசல்தான்" என்றார்.

அதன் பிறகு தெரேசாவுக்குப் பயம் போய்விட்டது. கறுப்பு தீர்ந்ததும் புளியும் கருப்பட்டியும் மிளகும் வந்தன. மஞ்சள் தீர்ந்ததும் கடுகும் வெள்ளைப்பூடும், நிறத்துக்கு மஞ்சள்தூளும். அரைக்கத் தொழிலாளர் லயத்திலிருந்து மீனம்மா வருவாள். செவ்வாய்க்கிழமை றோலண்ட் ஆபீசுக்குப் போனதும் அம்மிச் சத்தம் கேட்கும்.

"பாவமில்லையாம்மா இது?" என்று மீனம்மா முதலில் கேட்டாள்.

"பொய் சொன்னாத்தான் பாவம். நான் எங்க சொன்னேன்? ஊத்தத்தானே செய்றேன்."

பச்சைப் போத்தலை மட்டும் தெரேசா தொடவில்லை. அது ஆட்டிறைச்சிக்கு என்று தொரசாணி சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் ஆட்டிறைச்சி கிறிஸ்மஸுக்குத்தான். கிறிஸ்மஸ் பரபரப்பில் புதினா யாருக்கும் ஞாபகம் வராது.

நிலைமை இப்படி இருக்கையில் டோரீனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

டோரீன் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இருபத்தெட்டு வயது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் றோலண்ட் ஏதாவது ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவனுக்கு முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. இன்னொருவன் தேத்தண்ணியைப் பீரிசில் ஊற்றிக் குடித்தான். "இதையும் உங்க அப்பா விரட்டினா நான் மாதாகோயில் படிக்கட்டுல போய் உக்காந்துருவேன்" என்று தெரேசா மகளிடம் சொல்லியிருந்தாள்.

இந்த முறை விரட்டுவதற்கு வழியில்லை. மாப்பிள்ளை லோரன்ஸ் நுவரெலியாக்காரன், அரசாங்க உத்தியோகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அதைவிட முக்கியம், டோரீனுக்கே அவனைப் பிடித்திருந்தது. பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியைப் பரிசோதிக்க வந்தவன் ஒரே மாதத்தில் நாலைந்து தடவை வந்து பரிசோதித்தான். தாங்கி ஒன்றுதான்.

லோரன்ஸ் கடமையில் கண்டிப்பானவன். தேதி முடிந்த சாமானை விற்ற கடைக்காரன் ஒருவனை, நடுக்கடைத்தெருவில், மீன்டின் அத்தனையையும் குழிதோண்டிப் புதைக்க வைத்தான். புதைத்து முடிந்ததும் கடைக்காரன் சமாதானமாகப் பால் தேத்தண்ணி கொடுத்தான். லோரன்ஸ் பால்மாப் பேணியைக் கொண்டுவரச் சொல்லித் தேதி பார்த்த பிறகுதான் குடித்தான். இந்தக் கதையை றோலண்ட் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கண்டிப்பு என்றார்.

பேசி முடிக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. லோரன்ஸும் அவன் தாயார் பெற்றீசியாவும் வந்து, பகல் சாப்பாடு சாப்பிட்டு, பெண் வீட்டுத் தகப்பன் வார்த்தை கொடுத்ததும் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்துக்கொண்டு, பின்னேர பஸ்ஸுக்குப் போவது என்று ஏற்பாடு. அந்த வார்த்தை கொடுப்பதற்காக றோலண்ட் ஒரு மாதமாக இங்கிலீஷில் ஒரு பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தார். அது "லேடீஸ் என்ட் ஜென்டில்மன்" என்று தொடங்கியது. கேட்கப்போகிற ஜென்டில்மன் ஒரே ஒருவன்தான் என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

சனிக்கிழமை டோரீன் அலுமாரியைத் துடைத்தாள். துடைத்தவள் திடீரென்று நின்றாள்.

"அப்பா!"

"டாடி" என்று திருத்தினார் றோலண்ட்.

"டாடி, இதுல தேதி போட்டிருக்கு. எண்பத்திரண்டு மார்ச்சோட முடிஞ்சிருச்சு. கடுகு எண்பத்தொண்ணு. இப்ப எண்பத்தாறு டாடி! அவர் போத்தலத் தொட்டா மொதல்ல தேதியத்தான் பாப்பாரு."

றோலண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகப் பார்த்தார். தேதி இருந்தது. ஆறு வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர் லேபலில் இருந்த சிங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கொழும்பு வெக்கைக்குப் போட்ட தேதி" என்றார் முடிவாக. "நம்ம குளிருக்கு மனுசனே கெட்டுப்போறதில்ல, சோஸா கெட்டுப்போகும்? நம்ம கோயில் மணியில ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம்னு போட்டிருக்கு. அது என்ன கெட்டா போச்சு?"

"மணிய யாரும் சோத்துல ஊத்தறதில்ல டாடி."

தெரேசா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. "ஏங்க, நாளைக்கு ஒரு நாளைக்கு இந்தப் போத்தலெல்லாம் வேணாங்க. நல்லதா சட்னி அரைச்சு கிண்ணத்துல வச்சிருவோமே."

"கிண்ணத்துலயா?" றோலண்ட் கண்ணாடியைக் கழற்றினார். "சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் கிண்ணத்துலயா? அதுக்கு ஒரேயடியா லயத்துலயே எல போட்டுப் பரிமாறலாமே!"

அவர் தாய் அந்த லயத்தில்தான் அவரைப் பெற்றாள். இதை அவர் மறந்து நெடுநாளாகிவிட்டது.

"அப்ப பிளேடால தேதிய மட்டும் சுரண்டிடவா?" என்றாள் டோரீன்.

"தொர குடுத்த லேபல்ல பிளேடு வைப்பியா?"

கடைசியில் டோரீன்தான் வழி கண்டுபிடித்தாள். நான்கு போத்தலையும் வெள்ளைச் சேர்வியட் துணியால் கழுத்துவரை சுற்றி ஊசி குத்தினாள். நுவரெலியாவின் பெரிய ஹோட்டல்களில் இப்படித்தான் வைப்பார்கள் என்று சொன்னாள். ஹோட்டலில் என்றதும் றோலண்ட் சம்மதித்தார். பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளைகள்போல நான்கு போத்தலும் தட்டத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பெற்றீசியா குண்டாக, சிரித்த முகமாக இருந்தாள். லோரன்ஸ் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தான். முள்ளுக்கரண்டியை முறையாகப் பிடித்தான். றோலண்ட் எழுந்து சிவப்பைக் குலுக்கி அவன் கோப்பையில் விட்டார்.

"நல்லாருக்கே அங்கிள்!" என்றான் லோரன்ஸ். "இது எங்க வாங்கினது?"

"வாங்கறதா? இதெல்லாம் வாங்க முடியாது தம்பி."

லோரன்ஸ் மறுபடியும் போட்டுக்கொண்டான். கறுப்பையும் போட்டுக்கொண்டான். மஞ்சளைக் கோழிக்கறியோடு பிசைந்தான். பெற்றீசியா, "வீட்டுல எதப் போட்டாலும் குத்தம் சொல்லுவான், இன்னைக்குப் பாருங்க" என்று சிரித்தாள். தெரேசா மனதுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். டோரீன் குனிந்த தலையோடு சந்தோஷமாக இருந்தாள்.

நான்காவது தடவை றோலண்ட் விடுவதற்குள் லோரன்ஸ் தானே போத்தலை எடுத்தான். உத்தியோகக் கை. சும்மா இருக்காது. விரல் சேர்வியட்டுக்குள் போய் ஊசியை நகர்த்தி, துணியை இறக்கி, லேபலின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. அவன் உதடு வருடத்தை மெதுவாகப் படித்தது. வாயிலிருந்த கவளம் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"அங்கிள்" என்றான். "இது முடிஞ்சு நாலு வருசமாச்சு."

"முடியலையே தம்பி, இன்னும் பாதி இருக்கு" என்றார் றோலண்ட்.

லோரன்ஸ் மற்றப் போத்தல்களின் துணியையும் கழற்றினான். கழற்றக் கழற்ற அவன் முகம் வெளுத்தது. கரண்டியை வைத்தான். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "அம்மா, சாப்பிடாதீங்க. கோப்பையத் தள்ளி வைங்க."

"ஐயோ, நான் தின்னுட்டேனே!" பெற்றீசியா வயிற்றைப் பிடித்தாள். "அதான் அப்பவே பிடிச்சு ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கும் வயிறு பெரட்டுது" என்றான் லோரன்ஸ். அவன் நெற்றியில் உண்மையிலேயே வேர்வை வந்தது. "மொதல்ல பெரட்டும். பொறகு கண்ணு மங்கும். கண்ணு மங்குதா அம்மா?"

"மங்குற மாதிரித்தான் இருக்கு."

"உப்புத் தண்ணி குடுங்க. வாளி ஒண்ணு குடுங்க. அங்கிள், இந்தப் போத்தல்கள நான் சீல் வச்சு எடுத்துட்டுப் போகணும். விருந்தாளிக்குப் போட்டிருக்கீங்க. நான் யாருன்னு தெரிஞ்சே போட்டிருக்கீங்க. துணியச் சுத்தி மறைச்சு வேற போட்டிருக்கீங்க!"

டோரீன் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. பெற்றீசியா கைப்பையைத் தேடினாள். "வா லோரன்ஸ், ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு அப்படியே வீட்டுக்குப் போவோம்" என்றாள். அந்த 'அப்படியே' என்ற சொல்லில் சம்பந்தம் முறிந்ததை எல்லோரும் கேட்டார்கள்.

தெரேசா புருஷனைப் பார்த்தாள். அவர் சிவப்புப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தம்பி, உக்காருங்க. ஒண்ணும் ஆகாது. அது செவ்வாக்கெழம செஞ்சது."

"எந்தச் செவ்வாக்கெழம?" என்று கத்தினான் லோரன்ஸ்.

"போன செவ்வாக்கெழம."

றோலண்ட்தான் முதலில் வாயைத் திறந்தார். "தெரேசா, நீ என்ன ஒளறுற?"

"ஒளறலங்க. போத்தல்தான் தொரையோடது. உள்ளுக்குள்ளது நம்ம வீட்டு அம்மியோடது. மீனம்மா! இங்க வா. அந்தச் சட்டியையும் எடுத்துட்டு வா."

விருந்துச் சமையலுக்கு உதவ வந்திருந்த மீனம்மா மிச்சச் சோஸ் இருந்த மண்சட்டியோடு வந்தாள். அவள் விரல் நுனிகளில் கடுகு அரைத்து அரைத்து ஏறிய மஞ்சள் இன்னும் போகவில்லை. லோரன்ஸ் விரல்களைப் பார்த்தான். சட்டியை மோந்தான். கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தான். சற்று யோசித்தான். இன்னொரு கரண்டி எடுத்தான்.

"எத்தன நாளா இது?" என்றார் றோலண்ட்.

"மொத வருசத்துலருந்துங்கய்யா" என்றாள் மீனம்மா, தன்னைத்தான் கேட்டார் என்று நினைத்து. "அரைச்சு அரைச்சு எனக்குத் தோள்பட்டையே எறங்கிப்போச்சு. ஐயா மோந்து பாத்துட்டு சீம வாசம் அடிக்குதும்பீங்க. நானும் என் கையத்தான் மோந்து மோந்து பாப்பேன்."

பெற்றீசியாவுக்குக் கண் தெளிந்துவிட்டது. வயிற்றிலிருந்த கை தானாக இறங்கியது. லோரன்ஸுக்கும் பிரட்டல் நின்றுவிட்டது. ஆனால் ஒரு உத்தியோகத்தனால் அப்படிச் சும்மா குணமாகிவிட முடியாது. அவன் தொண்டையைச் செருமினான்.

"இது அதவிடப் பெரிய குத்தம் ஆண்ட்டி. வெளிநாட்டு லேபல்ல உள்நாட்டுச் சாமானப் போட்டா—"

"லோரன்ஸ், வாய மூடு" என்றாள் பெற்றீசியா. "நீ மூணு தடவ போட்டுச் சாப்பிட்ட. செத்துப்போறேன்னு வாளி கேட்ட. வெளிய சொன்னா ஒன் மானம்தான் போகும்." அவள் கைப்பையைத் திரும்பக் கீழே வைத்தாள். "தெரேசாக்கா, பீட்ரூட்ட வேகவச்சுப் போடுவீங்களா, பச்சையாப் போடுவீங்களா?"

"வேகவச்சு" என்றாள் தெரேசா. குசினியில் அழுகைச் சத்தம் நின்றது.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். றோலண்ட் மட்டும் உட்காரவில்லை. ஆறு வருடமாகத் தேம்ஸ் நதி என்று எண்ணி அவர் நாக்கில் வைத்தது லயத்துக் கையால் வீட்டு அம்மியில் அரைபட்டது என்பது இப்போது மாப்பிள்ளைக்குத் தெரியும். சம்பந்திக்குத் தெரியும். மீனம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் முன்னால் நின்று இங்கிலீஷில் பேசவேண்டும். எந்த முகத்தோடு பேசுவது?

அவர் பார்வை தட்டத்தில் போய் நின்றது. பச்சைப் போத்தல்.

"இது?" என்றார். "இதுலயும் கை வச்சுட்டியா?"

"இல்லீங்க. அத நான் தொடவே இல்ல."

"அப்ப இது அசல்."

"அசல்தாங்க. ஆனா—"

றோலண்டுக்கு உயிர் திரும்பியது. மூடி துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சேர்வியட்டைப் பிடித்து முறுக்கித் திறந்தார். உள்ளே தண்ணீர் தனியாகவும் அடியில் கரும்பச்சையாக ஒன்று தனியாகவும் இருந்தன. குலுக்கினார்.

"அங்கிள், வேணாம்" என்றான் லோரன்ஸ். "உத்தியோகத்துக்காகச் சொல்லல. மனுசனா சொல்றேன்."

"தம்பி, உங்களுக்குத் தேதி தெரியும். எனக்குத் தொரையத் தெரியும்."

தேக்கரண்டி அளவெல்லாம் இல்லை. சோற்றின்மேல் தாராளமாகக் கவிழ்த்தார். பிசைந்தார். முள்ளுக்கரண்டியைக்கூட மறந்து கையாலேயே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல், எல்லோரையும் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டே தின்றார். கண்ணில் நீர் கட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அசல் அசல்தான்" என்றார்.

யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. பெற்றீசியாகூட, "அண்ணனுக்கு நல்ல தெம்பு" என்றாள். றோலண்டின் முதுகு நிமிர்ந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முன்னறைக்குப் போனார்கள். வாழைப்பழமும் கேக்கும் தேத்தண்ணியும் வந்தன. டோரீன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். லோரன்ஸ் கேக்கை எதுவும் கேட்காமல் வாங்கித் தின்றான். அதில் தேதி இல்லை.

"அப்ப, அண்ணன் ரெண்டு வார்த்த சொன்னா மந்திரம் சொல்லி முடிச்சிரலாம்" என்றாள் பெற்றீசியா. "பஸ் போயிரும்."

றோலண்ட் எழுந்து நின்றார். ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டார்.

"லேடீஸ் என்ட்" என்றார்.

அங்கே நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் முகம் ஏதோ தூரத்துச் சத்தத்தை உற்றுக் கேட்பதுபோல் மாறியது. மற்றக் கை மெதுவாகக் கோட்டுப் பொத்தானுக்குக் கீழே போனது.

"எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிவிட்டு, கௌரவமாக, அளந்த நடையில் பின்பக்கம் போனார். குசினியைத் தாண்டிய பிறகு நடையின் சத்தம் மாறியது.

காத்திருந்தார்கள். தேத்தண்ணி ஆறியது. மீனம்மா ஒரு வாளித் தண்ணீரோடு பின்பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு வாளியோடு போவதும் தெரிந்தது. லோரன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ரோட்டு வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது.

தெரேசா எழுந்தாள்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றாள் தமிழில். "புள்ளைக்கும் சம்மதம்."

"எங்களுக்கும் சம்மதம்" என்றாள் பெற்றீசியா.

லோரன்ஸ் டோரீனைப் பார்த்தான். டோரீன் ஜன்னலைப் பார்த்தாள். எல்லோரும் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு பரலோக மந்திரத்தை வேகமாகச் சொன்னார்கள். பெற்றீசியா பீட்ரூட் அளவை இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். லோரன்ஸ் மிச்சச் சோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு போத்தல் இல்லாததால் தெரேசா அதைச் சிங்கப் போத்தலிலேயே ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

பெரிய கிளாக்கர் ஆமென் சொல்லவில்லை. அவர் கக்கூசில் இருந்தார்.